தொமித்திலாவின் முறை

தொமித்திலா கோபக்காரி என்று சான் ஹசிந்தோ பேட்டையில் எல்லாரும் சொல்வார்கள். அவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அறுபத்தோரு வயது. கால்வாய்க்கு நடுவே இருக்கும் மண்மேட்டுப் பாத்திகளில் கிறிஸ்துமஸ் சிவப்புப் பூச்செடி வளர்த்து, தொட்டி தொட்டியாகப் படகில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். புருஷன் நிக்கனோர் வேலை தேடி வடக்கே எல்லை தாண்டிப் போனவன், போனவன்தான். தங்கை கசில்தா ஒன்பது வருஷத்துக்கு முன் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்பு முறிந்து அன்றைக்குப் படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை, மண் தரை, தகரக் கூரை. இப்படிப்பட்டவளுக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்?

அந்தப் பேட்டைக்கு ஒரு பாலன் உண்டு. முழங்கை நீளத்தில் மரத்தால் செய்த குழந்தை இயேசு. அவர் கோவிலில் இருப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு வீடு என்று ஊரார் வீடுகளில் குடியிருப்பார். டிசம்பர் இருபத்துநாலாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய வீட்டுக்காரி புது வீட்டுக்காரியின் கையில் அவரைக் கொடுப்பாள். காலையில் எழுப்புவார்கள், சட்டை மாற்றுவார்கள், குளிர் என்றால் கம்பளி போர்த்துவார்கள். யாரும் அவரைச் சிலை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடி விழும். ஊர் தூங்கின பிறகு எழுந்து வீடு வீடாக நடந்து பார்த்துவிட்டு வருகிறார் என்றும், காலையில் செருப்பில் சேறு இருக்கும் என்றும் சத்தியம் செய்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சீக்காளி கூப்பிட்டால் பாலன் போயே ஆக வேண்டும். சீக்காளி தன் கையால் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் அவரை எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் படகோட்டி தெயோதுலோ சாகக் கிடந்தபோது பதினோரு நாள் பாலனை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த வருஷத்து வீட்டுக்காரர் பதினோரு நாளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது.

பாலனை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கமிட்டி நோட்டில் பெயர் எழுத வேண்டும். தொமித்திலா எழுதி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அந்த இருபத்தாறு வருஷமும் பாலன் யார் வீட்டில் இருந்தாலும், பீடத்துக்கு நாற்பது தொட்டி அவள் பாத்தியிலிருந்து போகும். நீண்ட இருட்டில் இருந்தால்தான் அந்தச் செடியின் இலை சிவக்கும். மேலிருந்து கீழ்வரை சிவந்து நிற்க வேண்டும் என்பதற்காக, அக்டோபர் தொடங்கினால் தினமும் மாலை ஐந்து மணிக்குச் செடிகளைக் கறுப்புப் படுதாவால் மூடி, காலையில் திறப்பாள். சந்தைக்குப் போகும் செடிக்கு ஒரு நாள் தவறினாலும் தவறும். பாலனுக்கென்று வைத்த நாற்பதுக்குத் தவறவே தவறாது.

இந்த வருஷம் நோட்டில் அவள் முறை.

நவம்பர் நடுவில் கமிட்டி வீடு பார்க்க வந்தது. தலைவர் அபுந்தியோவுக்கு எழுபது வயது, கெட்ட மனிதர் இல்லை. கூட இரண்டு பேர், அதில் ஒருவர் கையில் அளவு நாடா. வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்த கசில்தாவைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பாலனுக்கு அறை எங்க தங்கச்சி?" என்றார் அபுந்தியோ.

"இதுதான். எங்களோடதான் இருப்பாரு."

"தினமும் இருநூறு பேரு பாக்க வருவாங்க. பஸ்ஸுல வருவாங்க. பாத்ரூம் வேணும், வண்டி நிறுத்த இடம் வேணும். கூரை ஓட்டை வேற. மழையில நனைஞ்சா மரம் என்னத்துக்காகும்?"

"நாங்க இருபது வருஷமா நனையறோம் அண்ணே. எங்களுக்கு என்ன ஆச்சு?"

"நீ சண்டைக்கு நிக்காத. லெயோபார்தோ புது வீடு கட்டியிருக்கான். பாலனுக்குன்னே தனி அறை, கண்ணாடிக் கதவு, டைல்ஸ். அவன் இந்த வருஷம் வெச்சுக்கட்டும். பூ குடுத்தவங்க பலகையில உன் பேரைப் பெரிசா எழுதிப் போடறோம்."

லெயோபார்தோ சிமெண்டும் கம்பியும் விற்கிறவர். நோட்டில் அவர் பெயர் நாற்பத்தோராவதாக இருந்தது.

தொமித்திலா எழுந்து நின்றாள். "டைல்ஸ் தரையில நடந்தா அவரு செருப்புல சேறு எப்படி அண்ணே ஒட்டும்? காலையில லெயோபார்தோ பொண்டாட்டி மண்ணு கொழைச்சுப் பூசி விடுவாளா?"

அளவு நாடாக்காரர் சிரித்துவிட்டார். அபுந்தியோ முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் முடிவு மாறவில்லை.

இந்த டைல்ஸ் வியாதி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஒருத்தர் பாலனுக்காக வாசலில் வளைவு கட்டினார். அடுத்தவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அதற்கடுத்தவர் தனி அறை எழுப்பினார். எல்லாம் அன்பினால்தான், அதைக் குறை சொல்ல முடியாது. அந்த அன்பு வருஷத்துக்கு வருஷம் உயர்ந்து உயர்ந்து, கடைசியில் மாட்டுக்கொட்டகையில் பிறந்தவர் நுழையத் தகுதியான வீடு பேட்டையிலேயே நாலைந்துதான் என்று ஆகிவிட்டது. இதில் இருக்கும் கூத்து ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. வருஷா வருஷம் குடில் கட்டி வைக்கோல் பரப்புகிறவர்கள்தான் எல்லாரும். வைக்கோல் என்றால் என்ன நினைத்தார்களோ, எனக்குப் புரியவில்லை.

தொமித்திலா பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் இளைஞர், நல்ல படிப்பு. பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, பாலன் ஊர்க் கமிட்டியோட பொறுப்பு. கோவில் அதுல தலையிடறதில்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கடவுள் எல்லா இடத்துலயும் இருக்காரு. உங்க வீட்ல ஏற்கெனவே இருக்காரு. அவரு வரணும்னு நீங்க ஏன் வருத்தப்படறீங்க?"

"எல்லா இடத்துலயும் இருக்காரா சாமி?"

"ஆமாம்மா."

"அப்ப லெயோபார்தோ வீட்லயும் ஏற்கெனவே இருப்பாருல்ல? அவங்ககிட்டப் போயி இதையே சொல்லுங்க. என்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

சாமியார் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். இல்லாதவளிடம் மட்டும் எடுத்துச் சொல்ல எத்தனை நல்ல வார்த்தைகள் தயாராக இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே அவள் படி இறங்கினாள்.

அந்த டிசம்பரில் சந்தைக்குப் போக வேண்டிய செடியெல்லாம் போயிற்று. பாலனுக்கென்று வைத்த நாற்பதும் கொட்டகையில் சிவந்து நின்றன. லெயோபார்தோ ஆள் அனுப்பிக் கேட்டார். "காஞ்சு சருகாப் போனாலும் அங்க போகாதுன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள். ஆனாலும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

இருபத்துநாலாம் தேதி வந்தது. ஊர்வலம் வழக்கம்போலக் கால்வாய்க் கரையோடு வந்தது. தொமித்திலா வீட்டைத் தாண்டித்தான் லெயோபார்தோ வீட்டுக்குப் போக வேண்டும். வாணவேடிக்கை வெடித்தது, பேண்டு வாத்தியம் நெருங்கியது. தொமித்திலா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"கதவைத் திற" என்றாள் கசில்தா.

"எதுக்கு? நம்ம வாசலைத் தாண்டிப் போறதை வேடிக்கை பாக்கவா?"

"கூப்பிடணும்."

"யாரை? நான் போயி அவங்க கால்ல விழணுமா?"

"நீ விழ வேண்டாம் அக்கா. நான் சீக்காளி. நான் கூப்பிடறேன்."

தொமித்திலா திரும்பினாள். இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதில்லை. இடுப்பு முறிந்த முதல் வருஷமே கசில்தா கேட்டாள். அப்போது தொமித்திலா சொன்ன பதில்: நம்ம முறை வரும், அன்னைக்கு மேளதாளத்தோட வாசல் வழியா வருவாரு, சீக்காளின்னு சொல்லிப் பிச்சை கேக்கற மாதிரி கூப்பிட வேண்டாம். அதற்குப் பிறகு கசில்தா இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

"பிச்சையா கேக்கச் சொல்ற? அவங்க இத்தனை பண்ணினதுக்கு அப்புறமா?" என்றாள் தொமித்திலா.

கசில்தா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. படுத்தபடியே பேசினாள். அவளுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவங்க உன்னை ஆறு வாரமா வெளிய நிக்க வெச்சாங்க. ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லித் திட்டற. நீ என்னை ஒன்பது வருஷம் நிக்க வெச்ச. நான் யார்கிட்டப் போயி உன்னைத் திட்டறது? உன் மானம், உன் முறை, உன் நோட்டு. இந்தக் கட்டில்ல கெடந்தவ நான். அவரு இந்த வாசலைத் தாண்டி ஒன்பது தடவை போனாரு, சத்தம் கேட்டுக்கிட்டே கெடந்தேன். டைல்ஸ் இல்லன்னு அவங்க சொன்னாங்க. நீ என்ன சொன்ன? மேளம் இல்லன்ன."

வெளியே பேண்டு வாத்தியம் வாசலுக்கு நேராக வந்துவிட்டது. தொமித்திலா போய்த் தாழை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள்.

கசில்தா கூப்பிட்டாள். ஒன்பது வருஷம் சேர்த்து வைத்த குரல், வாத்தியத்தைத் தாண்டிக் கேட்டது. "எர்லிந்தா அக்கா, நான் சீக்காளி, பாலனைக் கூப்பிடறேன்."

பழைய வீட்டுக்காரி எர்லிந்தா நின்றாள். கையில் வெள்ளைக் கம்பளிக்குள் பாலன். அவள் நின்றதும் ஊர்வலம் நின்றது, ஒவ்வொருவராக வாத்தியத்தைக் கீழே இறக்கினார்கள். அபுந்தியோ முன்னால் வந்து, "மூணு மணிக்கு அங்க கை மாத்தணும், அப்புறம் கூட்டிக்கிட்டு வரலாம்" என்றார். எர்லிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தெயோதுலோ கூப்பிட்டப்ப மணி பாத்தமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, குனிந்து நிலைப்படி தாண்டி உள்ளே வந்தாள். பாலனைக் கசில்தாவின் தோளோடு சேர்த்துக் கிடத்தினாள். மண் தரையில் மண்டி போட்டாள். பின்னாலேயே பெண்கள் நுழைந்து மண்டி போட, அறை நிறைந்துவிட்டது.

கசில்தா ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கம்பளியை விலக்கி அந்தச் சின்னச் செருப்பைப் பார்த்தாள். பிறகு விரலால் அவர் கன்னத்தைத் தொட்டு, "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான்.

கால் மணி நேரம் போயிற்று. அபுந்தியோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கசில்தா, எப்பம்மா திருப்பித் தருவே?"

"குணமானதும் தரேன் அண்ணே."

"எப்பக் குணமாகும்?"

"ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

வெளியே ஒருத்தர் சிரித்தார். அப்புறம் பத்துப் பேர் சிரித்தார்கள். அபுந்தியோ தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். வழக்கம் அவர் கையைக் கட்டிப் போட்டிருந்தது. நோட்டைப் புரட்டி முறையை மாற்றலாம், சீக்காளி கையிலிருந்து பாலனைப் பிடுங்க முடியாது. பிடுங்கினால் அந்தப் பேட்டையில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் யாரும் தர மாட்டார்கள். அது அவருக்கே தெரியும்.

லெயோபார்தோ தன் வீட்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். புதுக் கோட்டு போட்டிருந்தார். "நானூறு பேருக்குச் சமைச்சு வெச்சிருக்கேன். மோலேக் குழம்பு, தமால் கொழுக்கட்டை எல்லாம் ஆறிப்போகுது. அதை நான் என்ன பண்றது?"

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "பசியோட நானூறு பேரும் இங்கதான் நிக்கறாங்க. தூக்கிட்டு வாங்க."

லெயோபார்தோவுக்கு முகம் கறுத்தது. ஆனால் அவரும் அந்தப் பேட்டையில் பிறந்தவர்தான். பிறகு கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அண்டா தூக்க ஆள் கூப்பிடப் போனார்.

தொமித்திலா இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தாள். யாரையும் திட்டத் தோன்றவில்லை. திட்ட வேண்டிய ஆள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஆளைத் திட்டி அவளுக்குப் பழக்கமில்லை. விறுவிறுவென்று பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். நாற்பது தொட்டியையும் ஒன்றொன்றாகத் தூக்கி வந்து வாசலிலும் கரையோரமும் வரிசையாக வைத்தாள். யாரையும் தொட விடவில்லை. முப்பத்தொன்பது வைத்து முடித்துவிட்டு, எல்லாவற்றிலும் நன்றாகச் சிவந்திருந்த கடைசித் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கசில்தா கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

நிலைப்படி வரைக்கும் ஜனம். பஸ்ஸில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் வாசலை அடைத்துக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். தொமித்திலா தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள இடமில்லம்மா. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

தொமித்திலா வாயைத் திறந்தாள். இது யார் வீடு என்று தெரியுமா என்று கேட்க வந்தவள், கேட்கவில்லை. உள்ளே தங்கை பாலனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"சரிம்மா" என்றாள். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள்.