பல்பின் மேல் கிடந்த துண்டு

என் கணவர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார். எங்களுக்கு இருப்பது ஒரே படுக்கையறை. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகள் யாழினி, பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் படிப்பாள். மூன்று வயதில் இருட்டுக்குப் பயந்தாளே என்று கட்டில் தலைமாட்டில் மாட்டிய குண்டு பல்புதான் அப்போதும் எரிந்தது. வருஷா வருஷம் செருப்பு, சீருடை அளவு பார்த்த எனக்கு அந்த விளக்கை மாற்ற மட்டும் தோன்றவே இல்லை.

ஒரு சாயங்காலம் டீ போட்டுக்கொண்டிருந்தபோது துணி கருகும் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் அயர்ந்து தூங்க, பல்பின் மேல் அவருடைய துண்டு புகைந்துகொண்டிருக்கிறது. சுவிட்சை அணைத்து, துண்டை இழுத்து வாளித் தண்ணீரில் போட்டேன்.

"அப்பாவுக்குக் கண்ணு கூசுமேன்னுதாம்மா மூடுனேன்" என்று அழுதாள். ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

மறுநாளே அரியலூர் போய், புத்தகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் விழும் எல்.இ.டி. மேஜை விளக்கு வாங்கினேன். இப்போதெல்லாம் சீருடைக்கு அளவு எடுக்கும்போதே, "வெளிச்சம் போதுமாடி?" என்றும் கேட்டுவிடுகிறேன்.

அவர் பக்கம் படாமல் விளக்கைத் திருப்பி வைத்தால், அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. முழிச்சா புள்ள மொகம் தெரியணும்ல" என்கிறார்.