ஊர்க்காரர் வாசிக்காமல் விட்ட வரி

இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து சாத்தம் படகுத்துறைக்கு நடந்தே வந்தேன். அடிவயிற்றில் தொங்கும் தோலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தும், மடிப்பிலிருந்த புண் வியர்வை பட்டு எரிந்தது.

சுனாமிக்குப் பிறகு தீவுக்கு வந்து, கான்ட்ராக்டர் ஒருவரின் மெஸ்ஸில் சமையல் செய்தேன். அங்கேதான் உடம்பு பெருத்தது. 'இளைக்காவிட்டால் இதயம் தாங்காது. இளைத்தால் தோல் தொங்கும், அதை வெட்டி எடுக்க வேண்டிவரலாம்' என்றார் டாக்டர்.

ஏஜென்ட் முருகேசன் அண்ணன் என்னைப் போலவே ராமநாதபுரத்துக்காரர். தினமும் என் கையால் சாப்பிட்டவர். தோல் ஆபரேஷனுக்கும் பணம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டுத்தான் பாலிசி எடுத்தேன்.

"எல்லாத்துக்கும் உண்டு மாப்ளே. ஊர்க்காரன நானே ஏமாத்துவேனா? போடு கையெழுத்த."

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டேன்.

இரண்டு வருடத்தில் பாதியாக இளைத்தேன். மடிப்பில் புண் வந்து ஆறவேயில்லை. ஆபரேஷன் பணத்துக்கு விண்ணப்பித்தபோது, அலுவலகப் பெண் அதே தாளிலிருந்து ஒரு வரியை, தீவில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் வாசித்துக் காட்டினார். எடை குறைந்தபின் தோல் அகற்றுவது அழகுக்கான சிகிச்சையாம், பணம் கிடையாதாம்.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அந்த வரிய நான் வாசிச்சுக் காட்டியிருந்தா நீ எடுத்திருப்பியா மாப்ளே?" என்று சிரித்தார்.

புண்ணோடு அடுப்படியில் நிற்க முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலை தேடி, படகேறி எதிர்க்கரையிலுள்ள பேம்பூ ஃப்ளாட் போனேன். மறுநாள் காலை ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து பாக்கு உரிக்கும் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு தாளை நீட்டினார். பக்கத்திலிருந்த வங்காளிப் பெண்ணிடம் கொடுத்து, முழுவதையும் இந்தியில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். வெறும் வருகைப் பதிவுதான். அதன்பிறகே கையெழுத்திட்டேன்.