ஐந்து மணிக்கு மேல் ஓடிய தண்ணீர்

தெரசாக்கா போய்விட்டார். ஓடைப்பட்டி பஸ் ஸ்டாப் டீக்கடை தெரசாக்கா. இன்று காலை அவர் மகள் ஜெனி போனில் சொன்னாள்.

செய்தி சேகரிக்கப் போன முதல் நாள் அங்கே டீ கேட்டேன். தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். "எங்கண்ணன் அனுப்புனாகளா?"

இல்லை என்று சொன்ன பிறகுதான் டீ வந்தது.

யாரையும் நம்பமாட்டார். பால் கேனை மோந்து பார்க்காமல் இறக்கவிட மாட்டார். எங்கள் பேப்பரில் வந்த மழைச் செய்தியைக்கூட, வெளியே வந்து மலையைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்...

அவருக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். இரண்டு அண்ணன்மாரோடு பொதுக் கிணறு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மோட்டார் ஓடும். அப்பா வாய்வார்த்தையாகப் பிரித்துவிட்டுப் போயிருந்தார். பெரியவருக்கு அரைப் பங்கு, சின்னவருக்குக் கால், மகளுக்கு ஆறில் ஒன்று.

"மூணும் சேந்தா முழுசா வருதான்னு போட்டுப் பாருங்க சார். இங்கன கொடி வாடுது."

அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. போட்டுப் பார்த்தேன். இரண்டு, நான்கு, ஆறு... பகுதி எண்கள் வேறு வேறு, அப்படியே கூட்ட முடியாது. எல்லாவற்றையும் பன்னிரண்டுக்கு மாற்றினால் ஆறு, மூன்று, இரண்டு. மொத்தம் பதினொன்று.

பன்னிரண்டில் ஒரு பங்கு காணோம். அதாவது ஒரு மணி நேரத் தண்ணீர்.

நானும் தெரசாக்காவும் பெரியண்ணனிடம் கேட்டோம். "அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் மோட்டார் ஆறுற நேரம் சார்."

"மோட்டார் ஆறுதுன்னா ஒங்க வாய்க்கா மட்டும் ஏண்ணே நனைஞ்சு கெடக்கு?" என்றார் தெரசாக்கா.

சின்னண்ணன் சிரித்துவிட்டார். "ஏலே, நீ யாரு பக்கம்?" என்றார் பெரியவர்.

அந்த ஒரு மணியையும் மூவருக்கும் பிரித்துக்கொள்ளலாமே என்றேன். தெரசாக்கா ஒப்பவில்லை. "பிரிக்கிறதும் அவுகதான? வேணாம். அது கெணத்துலயே கெடக்கட்டும்." அண்ணன்மாரும் சரி என்றார்கள்.

காலையில் முதல் முறை தெரசாக்காவுடையது என்பதை ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் யோசித்தேன்... எடுக்காமல் விட்ட அந்த ஒரு மணித் தண்ணீரும், இரவெல்லாம் ஊறியதும் அவருக்குத்தான்.

கொடி தழைத்தது. ஆனாலும் தினமும் ஐந்து மணிக்கு மேல் கடையை ஜெனியிடம் விட்டுவிட்டு, அண்ணன் வாய்க்காலில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவார்.

இன்று கல்லறையிலிருந்து திரும்பும்போது ஐந்தரை இருக்கும். ஜெனி வீட்டுக்குப் போகாமல் வரப்பில் இறங்கினாள். பெரியவர் பின்னாலேயே வந்தார்.

"ஆத்தா, இன்னைக்குமா?"

"இன்னைக்குந்தான் மாமா."

குனிந்து அவர் வாய்க்காலைத் தொட்டாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன், அக்கா. காய்ந்துதான் கிடக்கிறது. நிம்மதியாகப் போங்க.