பேய்க்கு வைத்த பல்

அக்காளுக்குப் புகைப்படம் கிடையாது. எங்கள் வீட்டில் எவருக்குமே கிடையாது. ஆனால் மற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போனாள். தென்காசிப் பக்கம் அப்படிச் சாகிறவள் பேயாகத் திரிவாள் என்பார்கள். சுடுகாட்டிலிருந்து வீடுவரை கடுகு தூவினார்கள். அதைப் பொறுக்கிக்கொண்டே இருக்கட்டும், வீடு வந்து சேர வேண்டாம் என்று. அம்மாவை வாய்விட்டு அழவும் விடவில்லை. அழுகைச் சத்தம் கேட்டால் வந்துவிடுவாளாம். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவன். குற்றாலத்துக்குக் குளிக்க வரும் கூட்டத்தை நம்பி, ஒரு சாரல் காலத்தில் தென்காசியில் கொட்டகை போட்ட கம்பெனிக்கு மோகினிப் பேய்த் திரை ஒன்று தேவைப்பட்டது. பேய்த் திரைக்கு ஒரு வாடிக்கை உண்டு. நடுவில் நிலா, அதற்கு முன்னால் தலைவிரி கோலமாகப் பேய், இரண்டு கையும் சனங்களைப் பிடிக்க நீளும். எனக்கு அது அலுத்துப்போயிருந்தது. பேயை ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். நடுவை வெறும் இருட்டாக விட்டேன். பார்க்கிறவன் இருட்டுக்குள் தேடிவிட்டு, அப்புறம் அவளைக் கண்டு திடுக்கிட வேண்டும் என்று எண்ணம். முகத்துக்கு மண்நிறம் பூசி, பேய்க்களை வர அதன்மேல் நீலம் ஏற்றினேன்.

பிசகு நீலத்தில் வந்தது. பசையில் குழைத்த வர்ணம் ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும். வெயில் காலமென்றால் சற்று நேரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். சாரலில் சீலை லேசில் காய்ந்தால்தானே? ஈரத்தைப் பார்த்து ஏமாந்து, இவ்வளவு நீலம் போதும் என்று நிறுத்திவிட்டேன். காய்ந்த சீலையை மேடையில் ஏற்றி, மாலை ஒத்திகைக்கு விளக்கு வைத்தார்கள். மிச்சமிருந்த நீலத்தையும் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் தின்றுவிட்டது. மரத்தடியில் என் அக்காள் நின்றாள்.

வேண்டுமென்று எழுதவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்த பெண்முகம் அது; கை அங்கே போய்விட்டது.

கம்பெனி முதலாளி வந்து பார்த்தார். "என்னவே இது? பொண்ணு பாக்க வந்திருக்காகன்னு நிக்கிற பிள்ளை மாதிரில்லா இருக்கு. கோரப்பல்லு வையும். நாளைக்கு நாடகம்" என்றார்.

மறுநாள் காலையில் அம்மாவைக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். பகல் வெளிச்சம் வராமல் கொட்டகையின் பக்கப் படுதாக்களை இறக்கிவிட்டு, மேடை விளக்குகளை ஏற்றிக் காட்டினேன். அம்மா சீலைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். தடுக்க அங்கே யாரும் இல்லை. நானும் அழுதேன்.

"இதை வீட்டுக்குக் கொண்டுபோயிரலாமாலே?" என்று கேட்டாள்.

சீலை கம்பெனியுடையது, முடியாது என்றேன். பல் வைக்கச் சொல்லியிருப்பதையும் சொன்னேன். முடியாது என்று முதலாளியிடம் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லலாம்தான். அவர் வேறொருவனைக் கூப்பிடுவார். அவன் முகத்தையே அழித்துவிட்டு எழுதுவான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ நீயே வையி. நான் இங்கன உக்காந்துக்கிடுதேன்."

உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னாலேயே அக்காளின் உதட்டோரங்களில் வெள்ளையை வைத்தேன். கண்ணை மட்டும் தொடவில்லை.

மாலையில் பெண்கள் பக்கம் தரையில் அம்மாவும் இருந்தாள். திரை இறங்கியதும் பிள்ளைகள் அலறின. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். முதலாளிக்குப் பரம திருப்தி. அம்மா மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்து வந்துவிட்டாள். தூறலில் வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேசினாள்.

"இருட்டிட்டா, என் கையப் புடிச்சுக்கிட்டுத்தாம்லே புறவாசலுக்கே போவா. அவளக் கண்டு ஊரு பயப்படுது."