பதினொரு மணி போல்ட்

அந்தப் பட்டறையில் எனக்கு டீ கிடையாது. லேத் ஓட்டுகிற மூன்று பேருக்கும் காலை பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று வரும். உட்கார்ந்து போல்ட் பார்க்கிற பொம்பளைக்கு டீ எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, நாலு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டு வாங்குகிற டீ எனக்குத் தொண்டையில் இறங்காது.

எண்பதுகளின் தொடக்கம். ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு முன் கே.கே. நகரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பட்டறையில் அக்கா என்றார்கள். செத்தாலும் திரும்பிப் பாத்திரம் கழுவப் போகக்கூடாது என்று எனக்கொரு வைராக்கியம் வந்தது. நிரந்தர ஆட்களின் பதிவேட்டில் என் பெயரையும் ஏற்றச் சொல்லி முதலாளியை நச்சரித்தேன். டீ கேட்காதவள் இதைக் கேட்டேன். “கழிவு கொறையட்டும்மா, ஏத்திப்புடுவோம்” என்பார்.

கழிவு என்றால் கெட்டுப்போன போல்ட். வடக்கே ஏதோ உலைக்கு வேண்டிய சின்ன போல்ட்டுகள், சுண்டுவிரல் நீளம்தான். நெருப்புக்குள் கிடந்தாலும் தளராத நிக்கல் கலந்த கம்பியில் கடைய வேண்டும். அந்தக் கம்பி விலையில் நாலு இரும்புக் கம்பி வாங்கலாம் என்று முதலாளி புலம்புவார். ஒரு நாளில் கடைந்த போல்ட்டையெல்லாம் ஆளுக்கொரு துளை போட்ட பலகையில், காலையில் கடைந்தது முதலில், சாயங்காலம் கடைந்தது கடைசியில் என்று வரிசையாகச் சொருகித் தருவார்கள். நான் ஒவ்வொன்றிலும் கேஜ் வளையத்தைத் திருகிப் பார்ப்பேன். மரை பிய்ந்திருந்தால் வளையம் ஏறாது.

எல்லாப் பலகையிலும் ஒன்றிரண்டு கெட்டிருக்கும். கம்பி சரியில்லை என்றார்கள், வெட்டுகிற டூல் சரியில்லை என்றார்கள். முதலாளி லேத்துக்கு எலுமிச்சம்பழம்கூடக் கட்டினார்.

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது. மூன்று பேரில் ஒருவர் பாய். அந்த மாதம் முழுக்க அவர் பலகையில் ஒன்றுகூடக் கெடவில்லை. நோன்பின் மகிமை என்று மற்ற இரண்டு பேரும் அவரைக் கேலி செய்தார்கள். பெருநாள் முடிந்த மறுநாள், பலகையின் நடுவில் ஒன்றும் கடைசிப் பக்கம் ஒன்றுமாக வளையம் ஏறாமல் நின்றன. நடு என்றால் பதினொரு மணி, கடைசி என்றால் நாலு மணி.

“பாய், இன்னைக்கு டீ குடிச்சீங்களா?”

“என்ன தங்கச்சி, நான் குடிக்கிற டீக்கும் கேஜ் போடுறியா?”

“கிளாசை வாங்குறப்ப மெஷினை என்ன பண்ணுவீங்க?”

அவர் யோசித்தார். “டூலை முன்னால நகத்துற ஃபீடை மட்டும் நிப்பாட்டுவேன். டூலை எடுக்க மாட்டேன். அது பாட்டுக்குச் சுத்துற கம்பியில ஒரசிக்கிட்டு நிக்கும்.” வெட்டாமல் உரசினால் இந்தக் கம்பி அந்த இடத்தில் இறுகிவிடும், இறுகிய இடத்தில் மரை போட்டால் பிய்யத்தான் செய்யும் என்று அவரே சொன்னார். மூன்று பேருமே இரும்பில் கை பழகியவர்கள். இரும்பு எத்தனை டீயையும் பொறுத்துக்கொள்ளும்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, டூலைப் பின்னுக்கு இழுக்காமல் யாரும் கிளாசைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு மாதம் ஒரு போல்ட்கூடக் கெடவில்லை. வடக்கேயிருந்து வந்த அதிகாரி பலகை பலகையாகப் பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டார். “நானே பக்கத்துல நின்னு பாத்துச் சரி பண்ணேன் சார்” என்றார் முதலாளி. நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். போகட்டும், பதிவேட்டில் பெயர் ஏறினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை டீக்காரர் வந்தபோது முதலாளி, “அக்காவுக்கும் ஒன்னு குடுப்பா” என்றார். கிளாஸ் என் கைக்கு வந்ததும் சொன்னார்: “ஏம்மா, இப்பத்தான் அம்புட்டும் சரியா வருதே. இனிமே உக்காந்து பாக்க என்ன இருக்கு? திங்கக்கெழமையிலருந்து நீ வர வேணாம்.”

பாய் தன் கிளாசை வாங்கிக்கொண்டார். அவர் லேத் ஓடிக்கொண்டிருந்தது, டூலைப் பின்னுக்கு இழுத்துத்தான் வைத்திருந்தார்.

டீயைக் குடித்தேன். நாலு வருடம் கழித்து வந்ததை ஏன் விட வேண்டும்? சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அடுத்த வாரமே கே.கே. நகரில் பழைய வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டுப் பிள்ளை உள்ளே பார்த்து என் பெயரைச் சொல்லிக் கத்தியது. பாய் டீ குடித்தால் எனக்கென்ன, குடிக்காவிட்டால் எனக்கென்ன? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், தினம் கெட்டுப்போகிற அந்தப் பதினொரு மணி போல்ட் என்னை அங்கேயே உட்கார வைத்திருக்கும்.