அண்ணி முத்திரை போட்ட சோப்பு

என் அண்ணிக்குப் பிடிவாதம் அதிகம். குறையாகச் சொல்லவில்லை. அவருடைய சலவைக் கடைக்கு அடுத்த ரூமில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அதனால் அந்தப் பிடிவாதத்தின் அருமையும் தெரியும், தலைவலியும் தெரியும்.

அவருக்கு ஒரே ஆசைதான்: சலவைக் கடை இருக்கும் ரூமைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும். தெருக்கோடியில் லாட்ஜ் நடத்துகிறவர்தான் ரூமுக்குச் சொந்தக்காரர். ஒரு வருஷ ஆரம்பத்தில் வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

“வருஷக் கடைசிக்குள்ள மொத்தமா கட்டினா ரூம் உனக்கு. இல்லேன்னா ரூம் கேட்டுட்டிருக்கிற டயர்க்காரருக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அண்ணி பாங்க்கில் சேர்த்து வைத்த பணம் அன்றைக்கு ரூமுக்குச் சரியாக முக்கால் பங்கு. மிச்சத்தைச் சேர்க்கலாம் என்று இருந்தபோதுதான் நோட்டுக்குப் பேய் பிடித்தது. அரசாங்கம் கடனை அடைக்க நோட்டை அடித்துத் தள்ளியது. ரூமுக்கு ஆகும் என்று இருந்த பணம் இரண்டு மாதத்தில் ரூமின் கதவுக்கு ஆகும் என்றானது. அடுத்த மாதம் கதவுத் தாழ்ப்பாளுக்கே இழுபறி. அண்ணி பாங்க்கிலிருந்து திரும்பி வந்ததும் இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டுகூடக் கடையில் தங்கவில்லை. சாயங்காலம் கல்லாவில் விழுந்ததை அப்படியே கொண்டுபோய்த் துணி சோப்பு வாங்கினார். “விலை ஏறினாலும் இறங்கினாலும் சோப்பு எனக்கு உதவும் தம்பி. நோட்டை வச்சு எந்த அழுக்கைத் துவைக்கிறது?” என்றார்.

என் அண்ணன் பஸ் டிரைவர். அவருக்குக் காலையில் சம்பளம் கொடுப்பார்கள், வண்டியை விட்டு அவர் இறங்கும்போது அதில் பாதி ஆவியாகியிருக்கும். அதனால் சம்பள நாளில் பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பையை அண்ணியிடம் நீட்டுவார். அண்ணி சோப்பு வாங்க ஓடுவார். பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. அவரவர் வீட்டிலும் இதே ஓட்டம்தானே.

மெல்ல மெல்லத் தெருவே சோப்புக்கு மாறியது. முடி வெட்ட ஒரு கட்டி, பல் பிடுங்க மூன்று கட்டி. மனிதப் புத்தி சும்மா இருக்குமா? ரொட்டிக்காரர் கம்பியால் கட்டியின் ஓரத்தை இழைத்துவிட்டுக் கொடுத்தார். பலசரக்குக்காரர் ராத்திரி முழுக்க ஈரச் சாக்கில் சுற்றிவைத்து எடை ஏற்றினார். வாங்கிப்போனவர் வீட்டில் அது காய்ந்து வெடித்து எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

அண்ணிக்கு வந்ததே கோபம். தன்னிடம் வரும் சோப்பையெல்லாம் இஸ்திரி மேஜைக்கு மேலே பரண் கட்டி நன்றாகக் காயவைத்தார். எடை போட்டார். சரியாக இருந்தால் சூடான இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அதில் ஒரு அழுத்து அழுத்துவார். முக்கோணமாக ஒரு பள்ளம் விழும். “இந்த அடையாளம் இருக்கிற கட்டியை என்னைக்குக் கொண்டுவந்தாலும் பத்துச் சட்டை துவைச்சு இஸ்திரி போட்டுத் தருவேன்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எங்கள் தெருவில் முக்கோணத்துக்கு இருந்த மரியாதை நோட்டில் இருந்த தலைவர் படத்துக்கு இல்லை. லாட்ஜ்காரரே வந்து, “நோட்டெல்லாம் வேணாம்மா. முத்திரைக் கட்டியா அறுநூறு கொடு, ரூமை எழுதித் தரேன்” என்றார்.

வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தது. இன்னும் இருநூறு கட்டி தேவைப்பட்டது. அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஒரு கட்டியை ரெண்டா அறுத்து, ரெண்டுலயும் முத்திரை போட்டா யாருக்குத் தெரியப்போவுது? அறுநூறு தாண்டிடும்.”

“எனக்குத் தெரியுமே” என்றார் அண்ணி.

“ரூம் போயிடும்டி.”

“போனா போகட்டும். இவ்வளவு நாளா நோட்டை அடிச்சவனைத் திட்டிட்டு இருக்கோம். அவனும் இதைத்தானே செஞ்சான்?”

அண்ணன் வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அரசாங்கம் பூஜ்யங்களை வெட்டிவிட்டுப் புது நோட்டு விட்டது. மூடிக்கிடந்த எல்லையைத் திறந்தார்கள். லாரி லாரியாக வெளிநாட்டுச் சோப்பு வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் சோப்பு சீப்பட்டுப் போனது. நேற்றுவரை அலமாரியில் பூட்டி வைத்திருந்த முத்திரைக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெரு மொத்தமும் அண்ணி கடை வாசலில் நின்றது.

“இனி இது வெறும் சோப்புதான், எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிடுங்க அண்ணி” என்றேன்.

“பத்துச் சட்டைன்னு சொன்னது நான்தானே தம்பி?”

ஒரு கட்டிக்குப் பத்துச் சட்டை. கொண்டுவந்த எல்லோருக்கும் துவைத்தார். ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை, லாட்ஜ்காரர் உட்பட. பத்துச் சட்டைக்கு ஒரு முழுக் கட்டி கரையாது, அதனால் கடையில் உத்தரம்வரை சோப்பு ஏறியது. கையில் மட்டும் சல்லிக் காசு இல்லை.

வருஷக் கடைசியில் லாட்ஜ்காரர் டயர்க்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டயர்க்காரர் கையில் மொடமொடவென்று புது நோட்டுக் கட்டு.

“சோப்பை இப்ப எவன்மா வாங்குவான்?” என்றார் லாட்ஜ்காரர்.

“உங்களுக்குச் சோப்பு வேணாம் சார். உங்க லாட்ஜ் படுக்கைக்கு வெள்ளை விரிப்புதானே வேணும்? ஆறு வருஷத்துக்கு அத்தனை விரிப்பையும் துவைச்சு இஸ்திரி போட்டுத் தரேன். சோப்பு என்கிட்ட இருக்கு, கை இருக்கு. ரூமை எனக்குக் கொடுங்க.”

“அவர் கையில நோட்டு இருக்கு. உன்கிட்ட வெறும் பேச்சுதானே இருக்கு?”

“இந்த வருஷ ஆரம்பத்துலயும் எல்லார் கையிலயும் நோட்டு இருந்துச்சு. என் முத்திரையோட வந்த கட்டி ஒண்ணாவது இளைச்சிருந்துச்சா, சொல்லுங்க.”

லாட்ஜ்காரர் ஒரு கட்டியை எடுத்து முக்கோணத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு டயர்க்காரரைப் பார்த்து, “நீங்க வேற ரூம் பாருங்க” என்றார்.

ஆறு வருஷம். மழையிலும் காய்ச்சலிலும் விடிவதற்கு முன் கடை திறந்தாக வேண்டும். அண்ணியின் விரல்கள் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்தன. கூடமாட ஒத்தாசை செய்யப் போனால் விரட்டிவிடுவார். அதற்குள் புது நோட்டும் பழைய புத்தியைக் காட்டி இரண்டு தடவை பூஜ்யம் உதிர்த்தது. டயர்க்காரர் அன்று நீட்டிய கட்டுக்கு இன்று ஒரு டியூப்கூட வராது. விரிப்பு மட்டும் அதே விரிப்பு, அதே வெள்ளை.

கடைசி மூட்டை போன மறுநாள், பழக்கதோஷத்தில் லாட்ஜ்காரர் விடியற்காலையிலேயே அழுக்கு மூட்டையோடு வந்துவிட்டார். கடை பூட்டியிருந்தது. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு அண்ணி சாவகாசமாக நடந்து வந்தார்.

“என்னம்மா, எவ்வளவு நேரமா காத்திருக்கிறது? கடை திறக்கிற நேரமா இது?”

“என் கடை சார்” என்றார் அண்ணி. “நான் வரும்போதுதான் திறக்கும்.”