பனியாற்றுக்குப் போணி செய்தவன்

இந்த ஊர்த் துணிக்கடைகளில் எனக்கு இன்னும் பழகாத விஷயம் ஒன்று உண்டு. ஆள் உள்ளே நுழைந்ததும் விற்பனைப் பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்பாள். 'ஜஸ்ட் லுக்கிங்' என்று சொன்னால் போதும். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்பதைக் கேட்டு அவள் முகம் வாடுவதில்லை. சிரித்துக்கொண்டே விலகிப் போய்விடுகிறாள். காலையில் கடை திறந்த கையோடு முதல் ஆளாக நுழைந்து, பத்துச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் நன்றி சொல்லி வெளியே போகிற மனிதர்களை அமெரிக்காவின் இந்த மின்னசோட்டாவில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அவர்களைச் சபிக்கவில்லை. கதவை வேறு திறந்துவிட்டார். நானோ முதல் ஆளாக ஒரு கடைக்குள் நுழைய நேர்ந்தால் ஒரு ஜோடிக் காலுறையாவது வாங்காமல் வெளியே வருவதில்லை. என் அலமாரியில் இருக்கிற காலுறைகளைப் போட்டுத் தீர்க்க இன்னும் நாலு பேருடைய கால் வேண்டும்.

எங்களுக்குத் தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து அப்பா போட்ட கடை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டுவார்கள். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வரும் ஏழுமலை மடித்து அடுக்குவார். பள்ளி விடுமுறையில் நானும் அங்கேதான். ஒரு நாள் காலை, சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். அப்பா விரித்துக்கொண்டே போனார். மாமி பார்த்துக்கொண்டே போனார். மெத்தை தெரியாத அளவுக்குச் சேலை குவிந்தது. கடைசியில் மாமி வாயில் ரகச் சேலை ஒன்றைத் தடவிப் பார்த்து, "இது நன்னாத்தான் இருக்கு. ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்" என்று எழுந்தார். "அதுக்கென்னம்மா, நிதானமா வாங்க" என்று அப்பா சிரித்தார். மாமி படி இறங்கியதும் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பி, "ஏலே, ஓடு. ஒரு கைக்குட்டையாவது அந்த அம்மா தலையில கட்டிட்டு வா. மொதப் போணியே போவுது பாரு" என்றார். ஸ்டேஷன் கூட்டத்துக்குள் ஓடிப் பிடித்து, பாதி விலைக்குக் கைக்குட்டையை நீட்டினேன். மாமி வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, வேறு கலரில் கரை போட்டது இருக்கிறதா என்று கேட்டார். பிறகு அதையே வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வியாபாரம் அமோகமாக நடந்தது. அதனால், முதல் ஆள் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரமே விளங்காது என்கிற போணி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு சேலைக்கு ஒரு காலை நேரம் முழுவதும் செலவாகிற எங்கள் ஊரில், படிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எனக்குப் பி.யூ.சி. முடிந்திருந்தது. கடைக்கு வாடிக்கையான வங்கி அதிகாரி ஒருவர் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தார். "இவன என்ன படிக்கப் போடலாம் சார்?" என்று அப்பா கேட்டார். "காமர்ஸ் போடுங்க, கடைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு அவர் வேட்டியின் கரையைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான். நந்தனத்தில் பி.காம். சேர்ந்தேன். எனக்கு எதில் விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் நான்தான் முழித்திருப்பேன்.

முதல் வருஷம் முடிகிற சமயத்தில், அடையாறில் குடியிருந்த எங்கள் வாடிக்கைக்கார அமெரிக்கர் ஒருவர் நாடு திரும்பி, தன் பல்கலைக்கழகத்தில் எனக்கு உதவித்தொகையோடு இடம் பிடித்துக் கொடுத்தார். வீட்டில் ஏற்பாடு தெளிவாக இருந்தது. நான் பிசினஸ் படிப்புப் படித்துவிட்டு வருவேன். கடைக்கு மாடி எழுப்புவோம். மாடி முழுக்கப் பட்டு, அங்கே நான் உட்காருவேன். மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்த இடத்திலும் அப்பா மாடிப்படி எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

இங்கே என்னை ஹானர்ஸ் புரோகிராமில் சேர்த்திருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான படிப்பு என்றார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன சலுகை என்றால், என்ன படிப்பது என்பதை அவனே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆலோசகர் திருமதி பெக்கர் பஞ்சாங்கத்தைவிடத் தடிமனான பாடப் பட்டியலை என் முன்னால் வைத்து, "உனக்கு எதில் ஆர்வம்?" என்றார். "எது நல்லது என்று நீங்கள் சொல்கிறீர்களோ அதில்" என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கினார். முதல் இரண்டு வாரம் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். பேராசிரியரிடம் சொல்லக்கூட வேண்டாம். மாணவர்கள் இதற்கு 'ஷாப்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எல்லாவற்றையும் விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் படி இறங்குவதை ஒரு பல்கலைக்கழகமே சட்டமாக வைத்திருந்தது.

கல்விப் பருவத்தின் முதல் நாள், முதல் வகுப்பு. பொருளாதாரத்துக்குத்தான் கிளம்பினேன். மாடி மாறி வேறொரு அறைக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே வயதான பேராசிரியர் ஒருவர் மட்டும். கரும்பலகையைத் துடைத்து முடித்து, நீள மேசையில் கற்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். ஹால்வர்சன் என்று பிறகு தெரிந்தது. என் முழியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "பொருளாதாரமா? அது மூன்றாம் மாடி" என்றார். நான் காலி நாற்காலிகளைப் பார்த்தேன். மேசையைப் பார்த்தேன். மனிதர் கடையைத் திறந்து சரக்கைப் பரப்பி வைத்திருக்கிறார். நான் முதல் ஆள். இப்போது திரும்பிப் போனால் இவருக்கு இந்தப் பருவமே விளங்காது. "இல்லை சார், இங்கேதான் வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். அது பனியாறுகளைப் பற்றிய வகுப்பு. அதுவரை நான் பார்த்த பனிக்கட்டி, பாண்டி பஜாரில் சர்பத்துக்கு மரத்தூள் தட்டிக் கழுவிப் போடுகிற கட்டிதான்.

பிறகு சிலர் வந்தார்கள். இரண்டு வாரத்தில் அவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நான்கு பேர் மிஞ்சினோம். அந்த இரண்டு வாரத்தின் கடைசி நாள் ஹால்வர்சன் என்னைத் தனியாக நிறுத்தி, "நீயும் தாராளமாகப் போகலாம். நான் கொஞ்சம்கூட வருத்தப்பட மாட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதா என்ன? அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ஜவுளிக்கடைக்காரன் பிள்ளைக்குத் தெரியாதா? நான் பொருளாதாரத்தை விட்டேன், பனியாற்றை வைத்துக்கொண்டேன். அடுத்த பருவம் அதன் தொடர்ச்சி வந்தது. அதற்கு அடுத்து கள வேலை, அதற்கு அடுத்து ஆய்வு. உண்மையைச் சொன்னால் எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. என் வாழ்க்கையில் எனக்காக வேறு யாரும் தேர்ந்தெடுக்காத முதல் விஷயம் அது. நானும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வேறு.

பட்டம் வாங்கிய பிறகு ஹால்வர்சன் வீட்டில் விருந்து வைத்தார். அன்றைக்குத்தான் போணி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, "நான்கு பேருக்குக் குறைந்தால் வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். நீ போயிருந்தால் அந்தப் பருவம் முழுக்க நான் என் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பேன். எவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன்" என்றார். இந்த ஊரில் மனிதர்கள் சொல்வதைத்தான் நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தபோது நான் பனியாற்றியல்காரனாகியிருந்தேன்.

பட்டத்தோடு ஊருக்குப் போனேன். சித்திரை வெயில். கடையில் எல்லாரும் சேலை பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா நைனா, ஐஸ் படிப்பாமே. ஐஸ் ஃபேக்டரி எதுனா வச்சிக்கினு கீறியா அங்க?" என்று கேட்டார் ஏழுமலை.

அப்பா சிரிக்கவில்லை. "வாறவுக எல்லாம் பையன் என்ன படிச்சிருக்கான்னு கேக்காவ. நான் என்னன்னு சொல்ல? அத வச்சு இங்கன என்ன செய்யலாம்?"

"இங்க ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. பனி இருக்கிற ஊர்லதான் வேலை."

மாடி எழுப்புவதற்காகக் கம்பி நீட்டி விட்டிருந்த தூண்களை நான் வரும்போதே பார்த்திருந்தேன். துருப்பிடித்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. ஏழுமலை கலர் சோடா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்ததால் அதைக் குடித்தேன். மெத்தையில் ஏறி உட்காரப் போனேன். அண்ணன் அவசரமாக ஒரு நாற்காலியை, வாடிக்கையாளர் உட்காருகிற பக்கம் இழுத்துப் போட்டான்.

புறப்படுகிற அன்று மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில் அப்பா மெத்தையில் இருந்தபடியே கேட்டார். "ஏலே, அந்தப் பனி ஆறுன்னா, ஓடுமோ?"

"நகரும்ப்பா. பக்கத்துலயே நின்னு பார்த்தா தெரியாது."

"பொறவு எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"ஒரு கம்ப நட்டு வச்சிட்டு வந்துருவோம். அடுத்த வருசம் போய்ப் பார்த்தா, நட்ட இடத்துல இருக்காது. எவ்வளவு தள்ளிப் போயிருக்குன்னு அளந்துக்கிடுவோம்."

அப்பா ஒரு சேலையை எடுத்து மடித்தார். "சரி. அப்ப இங்கனயும் அப்படி வந்து பாத்துட்டுப் போ."

கோடையில் அலாஸ்காவில் கம்பு நட்டுவிட்டு, முடிகிற போதெல்லாம் மாம்பலத்துக்கும் போய் வருகிறேன். அதற்குப் பிறகு இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அப்பா மெத்தையை விட்டுக் கல்லாவுக்கு வந்திருந்தார். அடுத்த தடவை கல்லாவை விட்டு வாசல் பக்கத்து நாற்காலிக்கு. போன தடவை அந்த நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. ஜன்னலோரமாகப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். மீனம்பாக்கத்துக்குக் கிளம்பி, ரயிலடிக்கு வரும் வழியில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்து, "அப்பா எப்பமும் அங்கனதான உக்காந்திருக்காவ" என்றான்.